மறைந்ததும் மறைத்ததும்: ஊழல் கதைகளின் இலக்கணம்



இன்றைய பொழிவின் பொருள் அரசியல் மர்மக் கதை. ஆற்றல் மிக்க தலைவர் ஒருவர் பொதுப்பணத்தைக் கைக்கொள்வதும், அதனை மூடி மறைப்பதும், எளிய மனிதர் ஒருவர் அதைக் கண்டுவிடுவதும், பின்னர் அவர் படும் பாடும் இக்கதைகளின் உள்ளடக்கம். இலக்கணம் கற்பித்தவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். வேலை உண்டு. ஊழலைச் செய்யப் பதவி போதும். அதனை மறைக்க மொழி வேண்டும். மறைப்பு எங்கே மொழியால் நிகழ்கிறதோ அங்கே இலக்கணம் துப்பறியும் கருவியாகிறது. இதனை நம் நாட்டு நிகழ்வுகளைக் கொண்டே விளக்க முயல்கிறேன்.

துப்பறியும் கதையும் அரசியல் மர்மக் கதையும்

தமிழில் துப்பறியும் கதைக்கு நூறாண்டைக் கடந்த வரலாறு உண்டு. நடேச சாஸ்திரியார் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ‘தானவன்’ என்னும் காவல் நிபுணனின் கதைகளை எழுதினார். ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் அவ்வகைக்குப் பெருந்திரளான வாசகர்களைத் தேடித் தந்தனர். அக்கதைகளின் அமைப்பு நாமறிந்ததே. ஊர் ஒழுங்காக இருக்கிறது, குற்றம் ஒன்று அதனைக் குலைக்கிறது, அறிவாளி ஒருவர் வருகிறார், குற்றவாளி பிடிபடுகிறான், ஊர் மீண்டும் ஒழுங்காகிறது. ‘யார் செய்தது?’ என்பதே அங்குள்ள வினா.

அரசியல் மர்மக் கதையில் அந்த வினாவுக்கு விடை பெரும்பாலும் பாதிக் கதையிலேயே தெரிந்துவிடும். குற்றத்தை விசாரிக்க வேண்டியவரே குற்றத்தின் பக்கம் நிற்பார். எனவே வினா மாறுகிறது: ‘தெரிந்ததை வெளியில் சொல்ல முடியுமா? சொன்னவர் பிழைப்பாரா? சொன்னதை யாரேனும் பதிவு செய்வார்களா?’ முன்னது அறிவைப் பற்றிய கதை. பின்னது சொல்லைப் பற்றிய கதை.

உலகத் திரைப்படங்களுள் இவ்வகைக்கு முன்மாதிரியாகச் சொல்லப்படுவது கோஸ்டா காவ்ராஸ் இயக்கத்தில் 1969இல் வெளிவந்த ‘இசட்’. கிரேக்க நாட்டில் 1963இல் லாம்ப்ராகிஸ் என்னும் மக்கள் பிரதிநிதி கொல்லப்பட்டதை அடியொற்றி வாசிலிகோஸ் எழுதிய புதினமே அதன் மூலம். அந்தக் கொலையை அதிகாரிகள் முதலில் ‘விபத்து’ என்றனர். கதை முழுவதும் அந்த ஒரு சொல்லை இன்னொரு சொல்லால் மாற்றுவதற்கான போராட்டமே. ‘விபத்து’ என்று எழுதப்பட்ட இடத்தில் ‘கொலை’ என்று எழுத வைக்க ஒரு நீதிபதி என்னென்ன இடர்ப்பட வேண்டியிருக்கிறது என்பதே படம்.

தமிழில் இவ்வகையில் வலிமை மிக்க படம் வெற்றிமாறனின் ‘விசாரணை’. மு. சந்திரகுமார் தம் பட்டறிவைக் கொண்டு எழுதிய ‘லாக்கப்’ என்னும் நூல் அதற்கு அடிப்படை. பிழைப்புக்காக வெளிமாநிலம் சென்ற ஏழைத் தொழிலாளர்கள், காவல் நிலையத்தைத் துப்புரவு செய்துகொண்டிருக்கையில், பெரிய மனிதர்களின் கணக்குகளைக் கையாண்ட தணிக்கையாளர் ஒருவரின் சாவு எவ்வாறு மாற்றி எழுதப்படுகிறது என்பதைக் காதால் கேட்டுவிடுகிறார்கள். கேட்டதே அவர்கள் செய்த குற்றம். துடைப்பம் பிடித்தவர்களைப் பெரிய மனிதர்கள் ஒரு பொருட்டாகக் கொள்வதில்லை. ஆதலால் அவர்கள் முன்னிலையில் எல்லாம் பேசுகிறார்கள். இதனைத் தோட்டத்துப் பெரியோர்க்கு நான் விளக்க வேண்டியதில்லை. பங்களாவில் வேலை செய்தவர்களுக்கும் அலுவலகத்தில் தேநீர் கொண்டுபோய் வைத்தவர்களுக்கும் தெரிந்த செய்திகள் எந்தப் பேரேட்டிலும் இருப்பதில்லை.

ஒரு மெய்யெழுத்தின் வேறுபாடு

இம்மலையோடு உலகம் சேர்த்துப் பேசும் மர்மம் ஒன்று உண்டு. தாய்லாந்தின் பட்டுத் தொழிலுக்கு உலகப் புகழ் தேடித் தந்த அமெரிக்கர் ஜிம் தாம்சன், 1967ஆம் ஆண்டு மார்ச் 26, ஈஸ்டர் ஞாயிறன்று, இங்கே தாம் தங்கியிருந்த ‘மூன்லைட்’ மாளிகையிலிருந்து நடக்கப் புறப்பட்டார். திரும்பவில்லை. காவலர்களும் படைவீரர்களும் காட்டை நன்கறிந்த பூர்வகுடியினரும் தேடினர். உடலும் கிடைக்கவில்லை; தடயமும் கிடைக்கவில்லை. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அவர் அமெரிக்க உளவு அமைப்பில் பணியாற்றியவர் என்பதால், அவரைப் பற்றி எழுந்த கதைகளுக்கும் நூல்களுக்கும் இன்றுவரை முடிவில்லை.

அவர் குறித்துத் தமிழில் ஒரு வாக்கியம் எழுதுங்கள். ‘ஜிம் தாம்சன் கேமரன் மலையில் மறைந்தார்.’ இதற்கு எத்தனை பொருள்? கண்ணுக்குப் புலப்படாமற் போனார் என்பது ஒன்று. இறந்தார் என்பது மற்றொன்று. தாமே விரும்பி ஒளிந்துகொண்டார் என்றும் கொள்ள இடமுண்டு. ஆனால் யாரேனும் அவரை மறைத்தனர் என்ற பொருளை மட்டும் அவ்வாக்கியம் தரவே தராது. அப்பொருள் வேண்டுமானால் ‘மறைத்தனர்’ என்று சொல்ல வேண்டும், சொன்னவுடன் ‘யார்?’ என்ற வினா எழும்.

மறைந்தது, மறைத்தார். கலைந்தது, கலைத்தார். சேர்ந்தது, சேர்த்தார். மெல்லின மெய் வல்லின மெய்யாகும்போது தன்வினை பிறவினையாகிறது என்று ஆறாம் ஆண்டு மாணவனும் அறிவான். அந்த இடத்தில் மாறுவது ஓசை மட்டுமா? ‘பணம் மறைந்தது’ என்றால் அது பனிமூட்டம் போன்ற இயற்கை நிகழ்ச்சி. ‘பணத்தை மறைத்தார்’ என்றால் அது வழக்கு. ‘ந்’ என்பதற்கும் ‘த்’ என்பதற்கும் இடையிலுள்ள தொலைவில்தான் புலனாய்வுத் துறையும் நீதிமன்றமும் செய்தித்தாளும் இருக்கின்றன.

ஜிம் தாம்சன் செய்தியில் நாம் ‘ந்’ என்ற அளவிலேயே நிற்க வேண்டும். ‘த்’ போடுவதற்குச் சான்று இல்லை. ஆனால் சான்று இருந்தும் ‘ந்’ எழுதப்படும் இடங்கள் பல. அவையே அரசியல் மர்மக் கதையின் விளைநிலம்.

தொழில் முதனிலை எட்டு

தொல்காப்பியர் சொல்லதிகாரத்து வேற்றுமை மயங்கியலில், ஒரு தொழில் நிகழ்வதற்கு வேண்டிய எட்டினைத் தொகுத்துரைக்கிறார்: வினை, செய்வது, செயப்படுபொருள், நிலம், காலம், கருவி, இன்னதற்கு, இது பயன். என்ன செயல், யார் செய்தார், எதனை, எங்கே, எப்போது, எதைக் கொண்டு, யாருக்காக, என்ன பயன் கருதி. புலனாய்வு அதிகாரி ஒருவர் தம் குறிப்பேட்டின் முதற்பக்கத்தில் எழுதிக்கொள்ளத் தக்க எட்டு வினாக்கள் இவை.

நம் நாட்டைப் பல ஆண்டுகள் உலுக்கிய நிகழ்வுக்கு இவ்வெட்டையும் பொருத்திப் பார்ப்போம். 1எம்டிபி என்னும் அரசு முதலீட்டு நிறுவனம் 2009இல் அப்பெயரைப் பெற்றது. 2015 பிப்ரவரியில் சரவாக் ரிப்போர்ட் இணைய இதழும், அவ்வாண்டு ஜூலையில் வால் ஸ்டிரீட் ஜர்னலும் வெளியிட்ட செய்திகள் ஊரறிந்த வழக்காக அதனை ஆக்கின. அன்றைய பிரதமர் நஜிப் ரசாக்கின் சொந்த வங்கிக் கணக்குக்கு ஏறத்தாழ 2.6 பில்லியன் ரிங்கிட் வந்ததாகச் செய்தி. நிறுவனத்திலிருந்து முறைகேடாகத் திருப்பப்பட்ட தொகை 4.5 பில்லியன் அமெரிக்க டாலருக்கு மேல் என்பது அமெரிக்க நீதித்துறையின் கணக்கு.

அப்பெரும் வலையின் எல்லா இழைகளையும் இங்கே பிரிக்க இயலாது. இறுதித் தீர்ப்பு வந்த எஸ்ஆர்சி வழக்கை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். எஸ்ஆர்சி இன்டர்நேஷனல் என்பது 1எம்டிபியின் துணை நிறுவனமாகத் தொடங்கியது. அதற்கு 4 பில்லியன் ரிங்கிட் கடனாக வழங்கப்பட்டது. கடன் கொடுத்தது எது தெரியுமா? அரசு ஊழியர் ஓய்வூதிய நிதியம். ஆசிரியப் பெருமக்களே, அது உங்கள் நிதியம். கரும்பலகையில் சுண்ணக்கட்டி தேய்த்து ஓய்வு பெற்றவர்களின் பிற்கால வாழ்வுக்கென வைக்கப்பட்ட பணம் அந்த வழக்கின் தொடக்கப்புள்ளி.

இனி எட்டையும் நிரப்புவோம். வினை: அதிகார முறைகேடு, நம்பிக்கை மோசடி, பணமாற்றக் குற்றம். செய்வது: அன்றைய பிரதமர் என்று நீதிமன்றம் கண்டது. செயப்படுபொருள்: எஸ்ஆர்சிக்குரிய 42 மில்லியன் ரிங்கிட். நிலம்: கோலாலம்பூரின் வங்கிக் கணக்குகள். காலம்: அப்பணம் கைமாறியது 2014 இறுதியிலும் 2015 தொடக்கத்திலும். கருவி: அரசு உத்தரவாதம், இடைநிலை நிறுவனங்கள், கணக்குகள். இன்னதற்கு: பணம் சென்று சேர்ந்தது அவர்தம் சொந்தக் கணக்குகளில். பயன்: தனிமனிதர்க்கு ஆதாயம், பொதுமக்களுக்கு இழப்பு.

2020 ஜூலை 28 அன்று உயர் நீதிமன்றம் ஏழு குற்றச்சாட்டுகளிலும் அவரைக் குற்றவாளி எனத் தீர்ப்பளித்து, 12 ஆண்டுச் சிறையும் 210 மில்லியன் ரிங்கிட் அபராதமும் விதித்தது. 2022 ஆகஸ்டு 23 அன்று கூட்டரசு நீதிமன்றம் அதனை உறுதி செய்தது. அன்றே அவர் சிறை சென்றார். பின்னர் மன்னிப்பு வாரியம் தண்டனையை ஆறு ஆண்டாகவும் அபராதத்தை 50 மில்லியன் ரிங்கிட்டாகவும் குறைத்ததாக 2024 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டது.

எட்டு வினாக்களுக்கும் விடை எழுத நாட்டுக்கு ஏழாண்டுகள் பிடித்தன. அவ்விடைகள் எழுதப்படாமல் இருக்க என்னென்ன நடந்தன என்பதும் பதிவாகியுள்ளது. 2015 ஜூலையில் தலைமை வழக்குரைஞர் மாற்றப்பட்டார். அதே நாளில் துணைப்பிரதமரும் பதவியிழந்தார். 1எம்டிபி பற்றிய தலைமைத் தணிக்கையாளரின் அறிக்கை 2016இல் அதிகாரத்துவ இரகசியச் சட்டத்தின்கீழ்க் கொண்டுவரப்பட்டது. 2018இல் ஆட்சி மாறிய பின்னரே மக்கள் அதைப் படிக்க முடிந்தது. மர்மக் கதை எழுதுவோர் கற்பனையில் தேட வேண்டிய திருப்பங்கள் நம் அரசிதழிலேயே கிடந்தன.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பங்குச்சந்தை மோசடிக்காரர் ஒருவரின் கதையான ‘தி உல்ஃப் ஆஃப் வால் ஸ்டிரீட்’ என்னும் ஆலிவுட் படம் 2013இல் வந்தது. மோசடியைக் காட்டும் அப்படமே 1எம்டிபி பணத்தைக் கொண்டு எடுக்கப்பட்டது என்பது அமெரிக்க நீதித்துறையின் வாதம். படத்தயாரிப்பு நிறுவனம் 2018இல் 60 மில்லியன் டாலர் தர ஒப்புக்கொண்டு வழக்கை முடித்தது. புனைகதை எப்போதும் குற்றத்திற்கு வெளியே நின்று பார்க்கிறது என்று நாம் எண்ண வேண்டியதில்லை. சில நேரங்களில் குற்றமே புனைகதைக்குக் கூலி கொடுக்கிறது.

நன்னூலார் கூறும் மூன்று வழக்கு

சொல்லை மாற்றிச் சொல்லும் முறையைப் பவணந்தி முனிவர் தகுதி வழக்கு என்று பெயரிட்டு மூன்றாகப் பகுத்தார்: இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி. நாகரிகம் கருதி ஒன்றை மறைத்துச் சொல்வது முதலாவது. அமங்கலத்தை மங்கலமாகச் சொல்வது இரண்டாவது. ஒரு குழுவினர் தமக்குள் மட்டும் விளங்கச் சொல்வது மூன்றாவது. இவை மொழியின் இயல்பான நலங்கள். இவையின்றி நாம் இழவு வீட்டில் பேசவும் இயலாது. ஆயினும் இம்மூன்றும் ஊழலின் கையில் கிடைத்தால் என்னவாகும்?

மலேசியாவில் கையூட்டுக்குக் ‘காப்பிக் காசு’ என்று பெயர். மலாய் வழக்கில் ‘டுவிட் கோப்பி’. கேட்பவர்க்கும் கூச்சமில்லை, கொடுப்பவர்க்கும் கூச்சமில்லை. இது இடக்கரடக்கல். தேயிலை விளையும் இம்மலையிலும் கையூட்டு காப்பியின் பெயரையே தாங்கி வருகிறது!

பிரதமரின் கணக்கில் வந்த பெருந்தொகை பற்றிக் கேள்வி எழுந்தபோது, அது அரபு நாட்டு அரச குடும்பத்தார் அளித்த ‘நன்கொடை’ என்று 2016 ஜனவரியில் அன்றைய தலைமை வழக்குரைஞர் விளக்கினார். பின்னாளில் எஸ்ஆர்சி வழக்கில் அவ்விளக்கத்தை உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. ‘நன்கொடை’ என்னும் சொல்லைப் பாருங்கள். அதில் ‘நன்’ இருக்கிறது, ‘கொடை’ இருக்கிறது. பாரி முதலாகத் தமிழர் போற்றிவந்த அறம் அச்சொல்லில் உறைகிறது. கோயிற் சுவரிலும் பள்ளிக் கட்டடத்திலும் நாம் பொறித்து வைக்கும் சொல் அது. அமங்கலத்திற்கு அதைவிட மங்கலமான போர்வை கிடைக்குமா?

குழூஉக்குறிக்கு உரையாசிரியர்கள் காட்டும் எடுத்துக்காட்டு, பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பது. இக்காலத்துக் குழுவினர் நிறுவனப் பெயர்களை வைத்துக்கொள்கின்றனர். 2009இல் 1எம்டிபியின் பணத்தில் 700 மில்லியன் டாலர் சென்று சேர்ந்த நிறுவனத்தின் பெயர் ‘குட் ஸ்டார்’, அதாவது நல்ல நட்சத்திரம். பெயரளவில் மங்கலம், பயனளவில் குழூஉக்குறி. பொற்கொல்லர் வாயில் பொன் ‘பறி’ என்று வழங்கியதும், அச்சொல்லே பறித்தல் என்னும் வினைக்கும் உரியதாக இருப்பதும் எண்ணத்தக்கவை.

பொற்கொல்லன் என்றதும் சிலப்பதிகாரம் நினைவுக்கு வராமல் இராது. அரசியின் சிலம்பைத் திருடியவனே கோவலனைக் கள்வன் என்று காட்டிக் கொடுக்கிறான். தன் குற்றத்தைப் பிறன்மேல் ஏற்றி, அரச ஆணையையே அதற்குக் கருவியாக்குகிறான். விசாரணையின்றி ஆணை பிறக்கிறது, எளியவன் கொல்லப்படுகிறான். இன்றைய அரசியல் மர்மக் கதைக்கு வேண்டிய எல்லாம் அங்கே உள்ளன. ஆனால் இறுதியில் நிகழ்வது வேறு. ஒரு பெண் அவைக்குள் வந்து கேட்கிறாள். சான்று அவையிலேயே உடைத்துக் காட்டப்படுகிறது. தெறித்தது முத்தன்று, மாணிக்கம். பாண்டியன் ‘தவறு நேர்ந்துவிட்டது’ என்று கூறவில்லை. தன்னையே கள்வன் என்று தன்மை ஒருமையில் அறிவித்து வீழ்ந்தான். எழுவாயைத் தானே ஏற்ற அரசன் அவன். 1987இல் அமெரிக்க அதிபர் ரீகன், ஈரானுக்கு ஆயுதம் விற்ற விவகாரம் குறித்து நாடாளுமன்றத்தில் பேசியபோது, பெருந்தவறுகள் செய்யப்பட்டன என்றார். யாரால் என்பது அவ்வாக்கியத்தில் இல்லை. ஒரு வாக்கியத்தின் எழுவாய் அரசனின் உயிரைவிடக் கனமானது என்று இளங்கோ கண்டார் போலும்.

‘ஆம்’ என்னும் ஓரசை

இதுவரை கூறியவற்றைக் கொண்டு, ஆற்றல் மிக்கவர் எவரையும் ‘த்’ போட்டு எழுதிவிடலாம் என்று மாணவர்கள் எண்ணிவிடக் கூடாது. மர்மக் கதைகளை மிகுதியாகப் படிப்போர்க்கு நேரும் கேடு ஒன்று உண்டு: எங்கும் சதியைக் காண்பது. ஐயமும் சான்றும் ஒன்றல்ல.

இதற்கும் தமிழே மருந்து வைத்திருக்கிறது. ‘எடுத்தார்’ என்பது ஒரு கூற்று. ‘எடுத்தாராம்’ என்பது வேறொரு கூற்று. அந்த ‘ஆம்’, பிறர் சொல்லக் கேட்டேன், நான் கண்டதில்லை என்னும் பொறுப்பைச் சொல்பவர்மீது வைக்கிறது. ஆங்கிலத்தில் இதற்கு ஒரு நீண்ட தொடர் வேண்டும். தமிழில் ஓரசை போதும். தோட்டத்துக் கிழவியர் பேச்சில் இந்த ‘ஆம்’ தவறாமல் இருக்கும். கைப்பேசியில் வரும் செய்தியைப் பிறருக்கு அனுப்புவோரோ அதனைக் கழற்றி எறிந்துவிடுகின்றனர்.

2015இல் எழுதியோர் ‘எடுத்தாராம்’ என்றே எழுத வேண்டியிருந்தது. 2022இல் ‘எடுத்தார்’ என்று எழுதும் உரிமை நாட்டுக்குக் கிட்டியது. இடைப்பட்ட ஆண்டுகளில் வங்கி ஆவணங்களைத் தேடியவர்களும், பதவியிழந்தவர்களும், சாட்சிக்கூண்டில் ஏறியவர்களும் சேர்ந்து சுமந்து நீக்கியது அந்த ஓரசையைத்தான். நல்ல அரசியல் மர்மக் கதை அந்த உழைப்பைக் காட்டும். மலிவான கதை அதனைத் தாவிக் குதித்து, தலைவரை முதற்பக்கத்திலேயே தூக்கிலிட்டுவிடும்.

இத்தொகுதியில் நடந்தது

கோலாலம்பூரின் பில்லியன் கணக்கு நமக்குத் தொலைவு என்று தோன்றலாம். அருகிலுள்ளதைச் சொல்கிறேன். 2018 மே 9 பொதுத்தேர்தலில் கேமரன் மலை நாடாளுமன்றத் தொகுதியின் முடிவு 597 வாக்கு வேறுபாட்டில் அமைந்தது. அவ்வாண்டு நவம்பர் 30 அன்று தேர்தல் நீதிமன்றம் அம்முடிவு செல்லாது என்று அறிவித்தது. பூர்வகுடி வாக்காளர்களின் வாக்கைப் பெறும் நோக்கில் பணம் கொடுக்கப்பட்டதை நீதிமன்றம் கண்டது. 2019 ஜனவரி 26 அன்று இடைத்தேர்தல் நடந்தது. அதில் வென்றவர் பூர்வகுடியைச் சேர்ந்தவர்; நாடாளுமன்ற மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பூர்வகுடி மகன் அவரே.

நான் இப்போது சொன்ன வாக்கியத்தைக் கவனித்தீர்களா? ‘பணம் கொடுக்கப்பட்டது.’ கொடுத்தவர் மறைந்துவிட்டார். வாங்கியவர் மட்டும் ‘பூர்வகுடி வாக்காளர்’ என்று இனப்பெயரோடு நிற்கிறார். ஊர்ப்பேச்சிலும் அப்படியே நிகழ்ந்தது. ‘அவர்கள் பணம் வாங்கினார்களாம்’ என்றே பேச்சு. கொடுப்பவன் எழுவாயாக வருவதில்லை. வாங்கிய ஏழை மட்டும் எழுவாயாகிறான். செயப்பாட்டு வினையின் நிழல் வலியவர்க்குக் குடையாகிறது. எளியவர் வெயிலில் நிற்கிறார்.

திண்ணை மெழுகிற்று

தொல்காப்பியர் மேலும் ஒன்றைக் கூறுகிறார். செயப்படுபொருளையே செய்தது போலச் சொல்லும் வழக்கு உண்டு என்கிறார். உரையாசிரியர் காட்டும் சான்று ‘திண்ணை மெழுகிற்று’ என்பது. திண்ணை தானே மெழுகிக்கொள்ளுமா? முதுகு வளைந்து, சாணம் கரைத்து, ஒரு பெண் மெழுகினாள். வாக்கியத்தில் அவள் இல்லை.

இங்கேதான் என் பொழிவின் மையக் கருத்தை வைக்க விரும்புகிறேன். ஊழல் செய்த தலைவரை மறைக்கும் அதே இலக்கணம், உழைத்த தொழிலாளியையும் மறைக்கிறது. கேமரன் மலை வரலாற்றை எடுத்துப் பாருங்கள். 1885இல் வில்லியம் கேமரன் இம்மலைப்பகுதியை அளந்தார். 1929இல் ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். இவ்விரு வாக்கியங்களுக்கும் எழுவாய் உண்டு. அடுத்த வாக்கியங்கள் எப்படி அமைகின்றன? காடு வெட்டப்பட்டது; பாதை அமைக்கப்பட்டது; கன்று நடப்பட்டது; கொழுந்து பறிக்கப்பட்டது. அட்டை கடித்த கால்களோடு காட்டை வெட்டியவர் எங்கே? முதுகில் கூடை சுமந்தவள் எங்கே? பெரட்டுக் களத்தில் கிராணி கூப்பிட்ட பெயர்கள் வரலாற்று நூலில் ஏறவில்லை.

ஒரே ‘பட்டது’. ஒரு பக்கத்தில் அது வலியவரைத் தண்டனையிலிருந்து காக்கிறது. மறுபக்கத்தில் எளியவருக்கு உரிய புகழைப் பறிக்கிறது. ஊழல் என்பது பணத்தில் மட்டும் நிகழ்வதன்று. ‘ஊழ்த்தல்’ என்னும் வினைக்குப் பதனழிதல் என்ற பொருளும் உண்டு. ஊழல் என்பது அதன் வழி வந்த சொல். வாக்கியமும் பதனழியும். யார் செய்தார் என்பதைச் சொல்லத் தெரிந்தும் சொல்லாத வாக்கியம் ஊழ்த்த வாக்கியம்.

எட்டும் எல்லா இடத்தும் வர வேண்டும் என்று தொல்காப்பியர் கட்டளையிடவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். வழக்கில் குறைவன குறையும் என்று அடுத்த நூற்பாவிலேயே இடமளிக்கிறார். பேச்சில் எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. ஆதலால் எழுவாய் இல்லாத வாக்கியம் எல்லாம் பொய் என்று முடிவு செய்ய வேண்டா. குறைந்தது எது, அது குறைந்ததால் பயனடைந்தவர் யார் என்று கேட்டால் போதும்.

வகுப்பறைக்குச் சில சொற்கள்

ஆசிரியப் பெருமக்களே, நம் மாணவர் எழுதும் கட்டுரைகள் பலவும் ஒரே வாக்கியத்தில் முடிகின்றன: ‘எனவே, ஊழல் ஒழிக்கப்பட வேண்டும்.’ முழு மதிப்பெண்ணும் அளித்துவிடுகிறோம். அடுத்த முறை சிவப்பு மையில் ‘யாரால்?’ என்று மட்டும் எழுதிப் பாருங்கள். அந்த மாணவன் இரண்டாம் முறை எழுதும்போது தணிக்கையாளர் வருவார், செய்தியாளர் வருவார், வாக்காளர் வருவார், ஒருவேளை ‘நான்’ என்றும் எழுதுவான். கட்டுரையும் அங்கே தொடங்கும்.

நாளிதழ்ச் செய்தி ஒன்றை வகுப்பில் எடுத்துக்கொண்டு, தொல்காப்பியரின் எட்டு வினாக்களையும் பலகையில் எழுதி, விடை கிடைக்காத இடங்களை வெற்றிடமாக விடச் சொல்லுங்கள். வெற்றிடங்களே மாணவருக்குப் பாடம் சொல்லும். சில, செய்தியாளர் அறியாததால் விடப்பட்டவை. சில, சட்டம் காத்திருக்கச் சொல்வதால் விடப்பட்டவை. சில, யாரோ விரும்பியதால் விடப்பட்டவை. இம்மூன்றையும் பிரித்தறியும் பிள்ளை ஏமாற்றப்படுவது அரிது.

மாணவச் செல்வங்களே, 1எம்டிபி நிகழ்வைப் பற்றி உலகெங்கும் பேசப்பட்ட நூல்கள் ஆங்கிலத்தில் வந்தன. அந்தக் கதையில் ஓய்வூதியம் பறிபோகுமோ என்று அஞ்சிய தமிழாசிரியையும் இருந்தார். விலைவாசியால் நொந்த தோட்டத் தொழிலாளியும் இருந்தார். அவர்கள் கண்ணால் பார்த்த கதையை அவர்கள் மொழியில் எழுதுவது உங்கள் தலைமுறைக்கு உரிய பணி. அரசியல் மர்மக் கதை எழுத ஒற்றர்களும் துப்பாக்கிகளும் வேண்டியதில்லை. ஒரு கணக்குப் புத்தகம், அதில் பொருந்தாத ஓர் எண், அதனைக் கண்டும் வாய் திறக்க அஞ்சும் ஓர் எழுத்தர், இவை போதும். அவர் வாய் திறக்கும் வாக்கியம் எந்தப் பக்கத்தில் வருகிறது என்பதே கதை.

எழுதும்போது இரண்டை மட்டும் நினைவிற் கொள்ளுங்கள். சான்று இல்லாதவரை ‘ஆம்’ என்பதை நீக்காதீர்கள். சான்று வந்தபின் ‘பட்டது’ என்று எழுதாதீர்கள். அதே கையோடு உங்கள் பாட்டியிடம் சென்று, எந்த ஆண்டு, எந்த மலைச்சரிவில், எந்தத் துண்டு நிலத்தில் அவர் கன்று நட்டார் என்று கேட்டு, அவர் பெயரை எழுவாயாக வைத்து ஒரு வாக்கியம் எழுதி வையுங்கள். இம்மலையில் தேயிலை தானாக முளைக்கவில்லை.